கோளாறு யாருடையது என்று சொல்லாதவள்

அவள் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் படிக்கிற உங்களுக்கும் அந்தப் பெயர்தான் மனதில் நிற்கும், நான் நிற்க மாட்டேன். கடையில் இரண்டு வருஷம் அப்படித்தான் நடந்தது. இங்கேயாவது நடக்காமல் இருக்கட்டும்.

தச்சநல்லூர் மெயின் ரோட்டில் உரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது எங்கள் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. நான் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு நேராக அங்கே சேர்ந்தவள். அந்த ரோட்டில் கம்ப்யூட்டரைத் திருகிப் பிரித்த முதல் பெண் நான்தான் என்று முதலாளி அண்ணாச்சியே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். என் மேஜை, என் சால்டரிங் அயர்ன், என் பென்டிரைவ் என்று ஏழு வருஷம் ராணி மாதிரி இருந்தேன். அப்புறம் அவள் வந்தாள், பில் போடுவதற்கு.

புன்னக்காயல்காரி. என்னைவிட மூன்று வயது சின்னவள். புருஷன் குவைத்தில் இருந்தான். மூன்று வயது மகள் ஊரில் அவள் அக்கா வீட்டில் வளர்ந்தாள். இவள் இங்கே லேடீஸ் ஹாஸ்டலில். சனிக்கிழமை சாயந்தரம் ஆத்தூர் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று ஊருக்குப் போவாள். திங்கட்கிழமை காலையில் டிபன் பாக்ஸில் பொரித்த மீனோடு வந்து நிற்பாள். எனக்கும் ஒரு துண்டு எடுத்து வைப்பாள். மீன் நன்றாக இருக்கும் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பில் போடுகிற பெண் மேல் மெக்கானிக்குக்கு என்ன பொறாமை வரப் போகிறது? அவள் வந்த முதல் ஆறு மாதம் எனக்கு எந்தப் புகைச்சலும் கிடையாது. ஏட்டையா ஒருத்தர் தன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்த அன்றைக்குத்தான் எல்லாம் ஆரம்பித்தது.

டூட்டி முடிந்து வீட்டுக்குப் போனதும் துப்பாக்கி கேம் விளையாடுகிற ஏட்டையா அவர். நிஜத்தில் சுட வாய்க்காததை அங்கே போய்ச் சுட்டுக்கொள்வார் போலிருக்கிறது. கேமைத் திறந்தால் சத்தம் மட்டும் கேட்கிறது, திரையில் படம் வரவில்லை என்றார். நான் டிரைவரை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். டிரைவர் என்றால் வண்டி ஓட்டுகிறவர் இல்லை, கிராபிக்ஸ் கார்டோடு கம்ப்யூட்டர் பேசுவதற்கு நாம் போடுகிற மென்பொருள். ஒரு தரம் இல்லை, மூன்று தரம் போட்டேன். சத்தம் வந்தது, படம் வரவில்லை.

"கார்டு போயிட்டு ஏட்டையா. புதுசுதான் போடணும்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. அப்போது பில் மேஜையிலிருந்து அவள் எழுந்து வந்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கம்ப்யூட்டர் முன்னால் அவள் எப்போதும் அப்படித்தான் நிற்பாள், கொண்டுவந்த ஆள் பேசி முடிக்கிற வரைக்கும் எதையும் தொட மாட்டாள்.

"சார், கடைசியா என்னைக்கு நல்லா ஓடிச்சு?"

"ஞாயித்துக்கிழமம்மா."

"அன்னைக்கு எங்கன வச்சு வெளையாண்டீய?"

"வீட்லதான். மச்சினன் வந்திருந்தான். ஹால்ல பெரிய டிவியில மாட்டி ரெண்டு பேரும் வெளையாண்டோம்."

"பொறவு டிவியில இருந்து கழட்டிட்டீயளா?"

"கழட்டிட்டேன். ஏம்மா?"

அவ்வளவுதான். கேம் அந்த டிவியை ஞாபகம் வைத்துக்கொண்டு, இல்லாத டிவியில் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. கேம் தன் செட்டிங்கை எழுதி வைத்திருக்கிற ஃபைலைத் தேடி, அதை அழிக்கக்கூட இல்லை, பெயரை மட்டும் மாற்றினாள். கேம் புதிதாக ஒன்றை எழுதிக்கொண்டு ஜம்மென்று திறந்தது. ஏட்டையா சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நான் டிவியில மாட்டுனதுதான் தப்பாம்மா?"

"சேச்சே, அதெல்லாம் இல்ல சார். கேமு லேசா கொழம்பிட்டு. அடுத்த தரம் டிவியக் கழட்டுறதுக்கு முன்னால கேம மூடிருங்க, போதும்."

ஏட்டையா படி இறங்கும்போது என்னைப் பார்க்கவே இல்லை. "அந்தத் தங்கச்சி கெட்டிக்காரி" என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டுப் போனார். கார்டு போய்விட்டது என்று சொன்ன நானும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.

அவளுக்கு இது ஒரு அதிர்ஷ்டம், அவ்வளவுதான் என்று நினைத்தேன். இல்லை. கேம் திறக்கவில்லை என்று யார் வந்தாலும் அவள் இதையேதான் செய்தாள். முதலில் அவர்களையே கேமைத் திறக்கச் சொல்வாள், வீட்டில் எப்படித் திறப்பார்களோ அப்படியே. மானிட்டர் வயரையும் வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொல்வாள். பழைய பில்லின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒவ்வொன்றாக எழுதுவாள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவாள். சரியாகவில்லையா, மாற்றியதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவாள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. நான் ஐந்து காரியத்தை ஒன்றாகச் செய்து, கம்ப்யூட்டர் ஓடிவிட்டால் மூடிக் கொடுத்துவிடுவேன். எது சரி பண்ணியது என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஆனால் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவேன். அவளுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். இதை நான் அண்ணாச்சியிடம் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

அவளிடம் குறையும் உண்டு. டீ கிளாஸை என் மேஜையில் வைத்துவிட்டு மறந்துவிடுவாள். வேலை பார்க்கும்போது மூக்குக்குள்ளேயே ஏதோ பாட்டை முனகுவாள், எந்தப் பாட்டு என்று கண்டுபிடிக்க முடியாது. சால்டரிங் வராது, கை நடுங்கும். அவள் கை நடுங்குகிறதைப் பார்க்கும்போது எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

ஆனால் ஆட்கள் அவளைத் தேடி வந்தது கேம் ஓடியதற்காக மட்டும் இல்லை. கோளாறு யாருடையது என்று அவள் சொல்லவே மாட்டாள், அதற்காகவும்தான். 'தூசி அடைச்சிட்டு', 'கேமு கொழம்பிட்டு', 'அப்டேட்டு ஒழுங்கா உக்காரல' என்று எதையாவது சொல்வாள். மனுஷரை மட்டும் சொல்ல மாட்டாள். நான் அப்படி இல்லை. நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்றால் நீங்கள்தான் கெடுத்தீர்கள். முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். அதுதான் நேர்மை என்று எனக்கு ஒரு எண்ணம்.

திசையன்விளையிலிருந்து ஒரு மளிகைக்கடைக்காரர் புது மனைவியோடு வந்தார். லாரி ஓட்டுகிற கேம் அவருக்கு உயிர். விலை கூடின கிராபிக்ஸ் கார்டு போட்டு ஆறு மாதம் ஆகிறது என்று படி ஏறும்போதே மனைவியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். புதிதாக வந்த லாரி கேம் மட்டும், கார்டே இல்லை என்று சொல்லித் திறக்க மறுக்கிறதாம். நான் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். மானிட்டர் வயரைக் கார்டில் சொருகாமல் அதற்கு மேலே இருக்கிற சாதாரண ஓட்டையில் சொருகியிருந்தார். ஆறு மாதமாக அந்தக் கார்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

அதற்குள் அவள், "எக்கா, அந்த ப்ளோயரக் கொஞ்சம் எடுத்துத் தாங்களேன், தூசியா இருக்கு" என்றாள். தூசியே இல்லாத பெட்டிக்குள் ஊதினாள். ஊதிக்கொண்டே வயரைக் கழற்றிச் சரியான இடத்தில் சொருகினாள். அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு டேப்பை ஒட்டினாள்.

"அண்ணாச்சி, இனிமே இந்தச் செவப்பு டேப்பு இருக்க இடத்துலதான் சொருகணும். தூசி தட்டுததுக்குக் கழட்டினாலும் இதையே பாத்துச் சொருகுங்க" என்றாள் மளிகைக்கடைக்காரரிடம்.

லாரி ஓடியது. மனைவி கணவனைப் பெருமையாகப் பார்த்தாள். அந்த ஆளுக்கு விஷயம் விளங்கிவிட்டது என்று அவர் காது சிவந்ததிலேயே தெரிந்தது. ஒரு வாரத்தில் திசையன்விளையிலிருந்து ஒரு பெட்டி கருப்பட்டி வந்தது, 'தங்கச்சிக்கு' என்று எழுதி. அவள் எல்லாருக்கும் பங்கு வைத்தாள். என் பங்கை நான் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் கீழே உரக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

அன்றைக்கு அவளைப் பிடித்துக் கேட்டேன். "தப்பச் சொன்னாத்தானட்டி அடுத்த தரம் செய்ய மாட்டாங்க? நீ என்ன எல்லாரையும் தடவிக் குடுத்துட்டே இருக்க?"

"டேப்பு ஒட்டிட்டோம்லா எக்கா. இனிமே எப்படித் தப்பா சொருகுவாரு?"

"அது வேற. செஞ்சது அவருதான?"

"எங்கூர்ல வள்ளம் கரைக்கு வந்தா, வலை யாரால கிழிஞ்சதுன்னு கரையில வச்சுக் கேக்க மாட்டாவ. எங்கன கிழிஞ்சிருக்குன்னுதான் பாப்பாவ. எனக்கு அதே பழகிட்டு" என்றாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது.

பிறகு நானும் அவளைக் காப்பியடித்துப் பார்த்தேன். அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அவள் லீவில் இருந்த ஒரு நாள், கல்லூரி மாணவி ஒருத்தி லேப்டாப்போடு வந்தாள். நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். "கடைசியா என்னைக்கும்மா ஓடிச்சு?" என்று குழைவாகவே கேட்டேன். இரண்டு கேள்வி ஒழுங்காகப் போனது. மூன்றாவது பதிலில், பேட்டரி சீக்கிரம் தீருகிறதே என்று எதையோ மாற்றி வைத்ததாகச் சொன்னாள். "அப்ப நீதான கெடுத்து வச்சிருக்க!" என்று வாய் தன்னால் சொல்லிவிட்டது. அந்தப் பெண் மறுநாள் வந்து, "அந்த அக்கா இருக்காங்களா?" என்று வாசலில் நின்றே கேட்டாள்.

ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி வரும்போதெல்லாம் அவளுக்குப் பிச்சிப்பூ கொண்டுவருவாள். அதில் எனக்கும் கிள்ளித் தருவாள் இவள். அந்தப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க எரிச்சலோடு இருந்திருக்கிறேன். போன் வந்தால் அவளுக்கு. பொங்கலுக்குக் கரும்பு வந்தால் அவளுக்கு. அண்ணாச்சி அவளை பில் மேஜையிலிருந்து எடுத்து என் மேஜைக்குப் பக்கத்திலேயே இன்னொரு மேஜை போட்டுக் கொடுத்தார். என்னைக் கேட்டுத்தான் போட்டார். நான் சரி என்றுதான் சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்?

இந்த நிலைமையில்தான் அண்ணாச்சி பாளையங்கோட்டையில் இரண்டாவது கடை போடுவதாக அறிவித்தார். அந்தக் கடைக்கு எங்களில் ஒருத்திதான் பொறுப்பு. கடைக்குப் பின்னால் ஒரு அறையும் குளியலறையும் உண்டு. பொறுப்பில் இருக்கிறவர் விரும்பினால் தங்கிக்கொள்ளலாம்.

எனக்கு அந்தக் கடை வேண்டும். ஒன்பது வருஷம் உழைத்தவள் நான். வீட்டில் அம்மா, "இன்னும் அந்த மாடியிலயேதான் இருக்கப் போறியா?" என்று கேட்காத மாதம் கிடையாது. ஆனால் அவளுக்கு ஏன் வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அவளே என்னிடம் வந்து சொன்னாள்.

"எக்கா, நீங்கதான் மூத்தவுக, உங்களுக்குத்தான் அண்ணாச்சி குடுப்பாவ. குடுக்கணும். தப்பித்தவறி எனக்கு வந்தா, ஜூன்ல பிள்ளைய இங்கனயே பள்ளிக்கூடத்துல சேத்துருவேன். அந்த ரூம்புல ஒரு ஓரமா குசினி போட்டுக்கிட்டா நாங்க ரெண்டு பேரும் இருந்துக்கிடுவோம். போன வாரம் போயிருக்கேன், எங்க அக்காவ அம்மாங்கா. என்னிய சித்திங்கா."

அடுப்படியை அவர்கள் ஊரில் குசினி என்பார்கள். நான் அதைச் சொல்லி அவளைக் கேலி செய்வேன். அன்றைக்குச் செய்யவில்லை. "பாப்போம், யாருக்குக் கிடைச்சா என்ன" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன்.

அந்த மாதத்தில்தான் பெருமாள்புரத்தில் ஒரு பாய் கேமிங் சென்டர் திறந்தார். பல வருஷம் சவுதியில் இருந்து சேர்த்ததை எல்லாம் போட்டு ஆரம்பித்த தொழில். பத்து கம்ப்யூட்டரும் எங்கள் கடையில்தான் எடுத்தார். அவற்றைத் தயார் செய்தது நான் ஒருத்தி, அண்ணாச்சி அந்த வாரம் முழுக்கப் பாளையங்கோட்டைக் கடை வேலையாக அலைந்துகொண்டிருந்தார். ஒரு கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் போட்டு, அதை அப்படியே மற்ற ஒன்பதிலும் நகல் எடுத்தேன். டிரைவரை என் பென்டிரைவிலிருந்து போட்டேன். ஒன்றரை வருஷமாக எல்லோருக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன், ஒரு தரம்கூட என்னைக் கைவிட்டதில்லை. ஒரு பழைய கேமைத் திறந்து பார்த்தேன், ஓடியது. பெட்டி கட்டி அனுப்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து திறப்பு விழா. வியாழக்கிழமை காலையில் பாய் போன் செய்தார். ஊரில் இளவட்டங்கள் எல்லாம் கேட்கிற புது கேம், அதை நம்பித்தான் நோட்டீசே அடித்திருக்கிறார். பத்து கம்ப்யூட்டரிலும் அது திறக்கவில்லை. கறுப்பாக ஒரு சன்னல் வருகிறது, கண் மூடித் திறப்பதற்குள் மறைந்துவிடுகிறது.

அண்ணாச்சி காரில் நாங்கள் மூன்று பேரும் போனோம். நான் போனதும் இரண்டு கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு எல்லார் முன்னாலும் சொன்னேன். "கார்டு பூராவும் மட்டமான சரக்கு அண்ணாச்சி. ஹோல்சேல்காரன் ஏமாத்திட்டான்." அண்ணாச்சி அங்கேயே போனை எடுத்து ஹோல்சேல்காரரைக் கிழி கிழி என்று கிழித்தார். இருபது வருஷப் பழக்கம் அவர்களுக்குள்.

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பாயையே கேமைத் திறக்கச் சொன்னாள். பிறகு தன் செல்போனை எடுத்து, "இன்னொரு தரம் தொறங்க பாய்" என்று சொல்லித் திரையை வீடியோ எடுத்தாள். அந்த வீடியோவைத் துளித்துளியாக நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். கறுப்புச் சன்னல் மறைவதற்கு முன்னால் ஒரே ஒரு வரி வந்து போயிருந்தது. டிரைவர் பழையது, புதியது வேண்டும் என்று இருந்தது. நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்தேன். என் பென்டிரைவிலிருந்து போன டிரைவர் அது.

"என்னம்மா?" என்றார் பாய்.

"கேமு புதுசு பாய். புது டிரைவர் கேக்குது. அம்புட்டுதான், கார்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"நாளைக்கு ஓடுமா?"

"இன்னைக்கே ஓடும்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று நாற்காலியில் உட்கார்ந்தார் அவர். சாயந்தரம் நாலு மணிக்குப் பத்தும் ஓடியது. என்னை அவள் ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. ஏட்டையாவைக் காப்பாற்றியது மாதிரி என்னையும் காப்பாற்றிவிட்டாள். நன்றி தோன்றியிருக்க வேண்டும் எனக்கு. தோன்றவில்லை. என்னையும் ஒரு கஸ்டமர் ஆக்கிவிட்டாளே என்றுதான் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் சரிபார்க்கிறேன் என்று அவள் அங்கேயே இருந்துவிட்டாள். நானும் அண்ணாச்சியும் காரில் திரும்பினோம். ஆற்றுப் பாலத்தில் நெரிசல், கார் ஊர்ந்தது. அண்ணாச்சி முகம் இறுகிப்போயிருந்தது. ஹோல்சேல்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமே என்ற கடுப்பு.

"அந்தப் பழைய டிரைவர யாரும்மா போட்டது?"

பாலத்தின் பாதியில் இருந்தோம். கீழே தாமிரபரணியில் ஆட்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாக யோசித்தேன். பிச்சிப்பூவை யோசித்தேன், கருப்பட்டியை யோசித்தேன், எனக்குப் பக்கத்தில் போட்ட மேஜையை யோசித்தேன்.

"அவதான் அண்ணாச்சி. கேம் சமாச்சாரம் எல்லாம் அவதான பாக்குதா" என்றேன்.

மறுநாள் காலையில் அண்ணாச்சி அவளை என் எதிரிலேயே கேட்டார். "ஏம்மா, பாய் கம்ப்யூட்டர்ல டிரைவர் போட்டது நீதானா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒரு வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன், சுருட்டிக்கொண்டே இருந்தேன். நான் வாய் திறப்பேன் என்று அவள் காத்திருந்தது எனக்குத் தெரிந்தது.

"யாரு போட்டா என்ன அண்ணாச்சி, இப்ப ஓடுதுல்லா" என்றாள் பைய.

"மழுப்பாத. ஆமாவா இல்லையா?"

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கண் கலங்கிவிட்டது. ஆனால் என் பெயரைச் சொல்லவில்லை. அவளால் சொல்ல முடியாது என்பதை இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்? அதை நம்பித்தானே காரில் அப்படிச் சொன்னேன்? அண்ணாச்சி தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அடுத்த வாரம் பாளையங்கோட்டைக் கடைச் சாவி என் கையில் இருந்தது.

அவள் மாதக் கடைசியில் நின்றுகொண்டாள். ஊருக்கே போய்விடுவதாகச் சொன்னாள். அந்தச் சனிக்கிழமை நான் புதுக் கடைக்குக் கொண்டுபோக என் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி இல்லை. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"எக்கா, அந்த டிரைவர் நீங்க போட்டது."

"இப்ப எதுக்கு அத எடுக்க?" என்றேன். குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

"ஒருத்தர்ட்டயும் நான் இப்படிச் சொன்னதில்ல. ஏட்டையா தெரியாம செஞ்சாரு. திசையன்விளைக்காரவுக தெரியாம செஞ்சாவ. நீங்க டிரைவர் போட்டதும் தெரியாமதான் போட்டீய, அத நான் ஒருநாளும் சொல்லிருக்க மாட்டேன். ஆனா பொறவு அண்ணாச்சிட்ட சொன்னது தெரிஞ்சு சொன்னது. அதான் உங்ககிட்ட சொல்லிட்டுப் போறேன்."

கத்தவில்லை, அழவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று படி இறங்கிவிட்டாள். எனக்கு அவள் மேல் அந்த நிமிஷம் வந்ததும் பொறாமைதான். இப்படி ஒரு வார்த்தையை முகத்துக்கு நேரே, சத்தம் கூட்டாமல் சொல்லிவிட்டுப் போக எனக்கு வந்ததே இல்லை.

பாளையங்கோட்டைக் கடை நன்றாகத்தான் போகிறது. பின்னால் இருக்கிற அறையில் நான் தங்கவில்லை. காலி அட்டைப்பெட்டிகளைப் போட்டு வைத்திருக்கிறேன். கேம் திறக்கவில்லை என்று வருகிறவர்கள் கொஞ்சம் குறைவு. வருகிறவர்களிடம் நான் கடைசியாக என்றைக்கு ஓடியது என்று கேட்பதில்லை.

போன மாதம் அண்ணாச்சி கடைக்கு வந்தார். ஆத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிற வழி. உட்கார்ந்ததும், "ஏம்மா, அப்படியே புன்னக்காயலுக்கும் போயி அந்தப் பிள்ளையப் பாத்தேன்" என்றார்.

"எப்படி இருக்கா?" என்று கேட்டேன். கஷ்டப்படுகிறாள் என்று சொல்லிவிடமாட்டாரா என்று இருந்தது எனக்கு.

"நல்லா இருக்கா. வள்ளத்துல இப்ப ஜி.பி.எஸ்., மீன் பாக்குற மிஷின்னு திரை வச்சிருக்கானுவல்லா, அதுல படம் வரலன்னா அவகிட்டதான் கொண்டுவருதானுவளாம். வீட்டு முன்னாலயே மேஜை போட்டுருக்கா. பிள்ளையும் கூடவே இருக்கு. அம்மா அம்மான்னு காலச் சுத்திக்கிட்டு கெடக்கு. எனக்கு மீன் கொழம்பு வச்சு, சாப்பிடாம விடல."

கடையைப் பறித்தேன், அறையைப் பறித்தேன், பிள்ளை அவளிடமே போய்ச் சேர்ந்துவிட்டது. மீன்காரர்கள்கூட அவளிடம்தான் போகிறார்கள். சந்தோஷப்பட வேண்டிய இடம்தான் இது, எனக்கு வயிறு எரிந்தது.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு மனசு கேக்கலம்மா. வீடியோ எடுத்து அந்த ஒத்த வரியக் கண்டுபிடிச்ச பிள்ள, பழைய டிரைவரப் போட்டிருப்பாளான்னு இருக்கு. நான் அவசரப்பட்டுட்டேனோ என்னமோ. சரி, நீ சொல்லு. அவ போட்டத நீ கண்ணால பாத்தியா?"

அவர் குரல் தழுதழுத்தது. பத்து வருஷமாக அவரிடம் வேலை பார்க்கிறேன், எனக்காக அந்தக் குரல் ஒரு நாளும் அப்படி ஆனதில்லை.

"பாத்தேன் அண்ணாச்சி" என்றேன்.